நாலாம் நம்பர் பூனை

குந்துங்கம்மா, குந்துங்க. ஜன்னலோரம் மட்டும் கேக்காதீங்க, எனக்குக் கொமட்டும். பையை மடியில வச்சுக்கங்க. என்னா அது உள்ள, ஃபைலா? கோர்ட்டுக்கா போறீங்க?

இல்லையா? சரி, இல்லன்னா இல்ல. கருப்புக் கோட்டை மடிச்சு உள்ள வச்சிருக்கீங்களோன்னு பாத்தேன். எதிராளி வக்கீலுகிட்ட சின்னப் பொண்ணுங்க ரெண்டு பேரு வேலை பாக்குதுங்கன்னு கேள்வி. காலேஜு பொண்ணுன்னா சந்தோசம். என்னா படிப்பு? ம்ம். போனை எடுத்து எதுவும் பதிவு பண்ணலையே? காட்டு. ஒன்ன நீன்னு சொல்லலாமில்ல? எனக்கு ஒரு பொண்ணு பொறந்திருந்தா ஒன் வயசுதான் இருக்கும். கோவிச்சுக்காத. எனக்கு யாரையும் பாத்த ஒடனே நம்புற பழக்கம் கெடையாது. நம்பினவங்க கதியெல்லாம் பாத்துட்டுத்தான் இப்புடி ஆனேன்.

முன்னாடி மூணாவது சீட்டுல பச்சைப் பொடவை ஒண்ணு ஒக்காந்திருக்குது பாத்தியா? உத்துப் பாக்காத, திரும்பிடுவா. அது என் தங்கச்சி தெய்வானை. கூடப் பொறந்தவ. எங்கம்மா போனப்போ அவளுக்கு ஆறு வயசு. நான்தான் தல வாரி, சோறு ஊட்டி, எங்க வூட்டுக்காரரோட தம்பிக்கே கட்டிவச்சுக் கூடவே வச்சுக்கிட்டேன். ஒம்பது மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. எங்க ஊரு நண்டோடைக்குக் காலையில இந்த ஒரு பஸ்ஸுதான். எதிராளியும் இதுலதான் வரணும், சாட்சியும் இதுலதான் வரணும்.

சாட்சி நான்தான். அவ புருசன் தனகோடி, என் கொழுந்தன், ஜாமீனுல இருக்கான், வக்கீலைப் பாக்க நேத்தே போயிட்டான். அவன் மேலதான் கேசு. பூனையைக் கொன்ன கேசு.

சிரிக்கிற பாரு! எல்லாரும் இப்புடித்தான் சிரிக்கிறாங்க. வூட்டுப் பூனை இல்லம்மா. மீன்பூனை. நாய் ஒசரம் இருக்கும், ஒடம்பு பூரா புள்ளி, கட்டை வாலு. தண்ணியில முங்கி மீன் புடிக்கும். எங்க பக்கத்து அலையாத்திக் காட்டுல எங்க தாத்தா காலத்துல நெறைய இருந்துச்சாம். இப்ப பத்தோ பன்னெண்டோதான் மிச்சம்னு கணக்கு எடுத்தாங்க. அதுங்களும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமாப் போச்சு, இப்புடியே வுட்டா அழிஞ்சிடும்னு, வேற எடத்துல கூண்டுல வளத்த ஆறு பூனையைக் கொண்டாந்து வுட்டாங்க. புதுசும் பழசும் கூடிக் குட்டி போட்டாத்தான் வம்சம் நிக்கும். அதுக்கு ஒரு டாக்டரம்மா வந்தாங்க, மைதிலின்னு பேரு. நல்லவங்கதான். நல்லவங்கன்னு முழுசாவும் சொல்லிட முடியாது.

அவங்களுக்குக் காட்டுக்குள்ள வாய்க்கால் தெரிஞ்ச ஆளு வேணும். நான் பன்னெண்டு வயசுலேருந்து அந்தச் சேத்துல எறாலு தடவுனவ. எனக்குத் தெரியாத வாய்க்கால் ஏது? என்னையும் கலியபெருமாளையும் வேலைக்கு எடுத்தாங்க. ஒவ்வொரு பூனைக்கும் கழுத்துல ஒரு பட்டை. பட்டையிலேருந்து சத்தம் வரும். நம்ம கையில ஒரு பொட்டி, மீன் முள்ளு மாதிரி ஒரு கம்பி. கம்பியை அப்புடி இப்புடித் திருப்பினா, பூனை எந்தத் தெசையில இருக்கோ அங்க டிக்கு, டிக்குன்னு கனமா கேக்கும். அதை நோட்டுல எழுதணும். ஆறு மணி நேரம் பூனை அசையாம கெடந்துச்சுன்னா சத்தம் வேகமாயிடும், டிக்கிடிக்கிடிக்கின்னு. அதை நாங்க சாவுச் சத்தம்னு சொல்லுவோம். வுட்ட மூணு மாசத்துலேயே ரெண்டு பூனைக்கு அந்தச் சத்தம் கேட்டுடுச்சு. ஒண்ணு ரோட்டுல லாரியில அடிபட்டது, இன்னொண்ணு வயித்துக்கில்லாமயே செத்தது. கூண்டுல வளந்ததுக்கு வேட்டை எங்க தெரியும்?

கலியபெருமாளு இருக்கானே, அவன் நோட்டுல எழுதுனதுல பாதி பொய். கள்ளுக்கடைப் பக்கம் குந்திக்கினு எழுதுவான். நான் அவன் எழுத்தைப் பாத்தே கண்டுபுடிச்சேன், சேறு ஒட்டாத நோட்டு அது. டாக்டரம்மாகிட்டயும் சொன்னேன். சொல்லணுமில்ல? பொய்க் கணக்கு எழுதுறது பாவம்.

எனக்குக் குடுத்தது நாலாம் நம்பர். பொட்டை. டாக்டரம்மா மொத நாளே மூணு சொன்னாங்க. எதுவும் திங்கக் குடுக்கக் கூடாது. பேசக் கூடாது. பேரு வைக்கக் கூடாது. "மனுசனைப் பாத்தா அது ஓடணும், அஞ்சலாட்சி. அந்தப் பயம் இருக்கிற வரைக்கும்தான் அது உசுரோட இருக்கும்"ன்னாங்க. நான் மூணையும் மீறல. பேரா? பேரெல்லாம் வைக்கல. "வாடி"ன்னு கூப்புடுவேன். வாடிங்கறது ஒரு பேரா?

திங்கக் குடுத்தியான்னு நீ கேக்குற. வாயால கேக்கல, மூஞ்சியில கேக்குற. சொல்றேன், ஆனா இது இந்த சீட்டோட போவணும். மொத பத்து நாளு அது ஒண்ணுமே புடிக்கல. வெலா எலும்பு தெரியுது. தண்ணியோரம் குந்திக்கினு மீனைப் பாக்குது, கையை வுடுது, மீன் போயிடுது. திரும்பி என்னைப் பாக்குது. பெத்த வயிறா இருந்தாத்தான் எரியுமா? எனக்கு எரிஞ்சுது. தெய்வானை கரையில மீன் கழுவுறவ, அவகிட்ட தலை மிச்சம் கெடக்கும். கொழம்புக்குன்னு வாங்கியாந்து பிஸ்கட்டுத் தகரத்துல போட்டு எடுத்துக்கினு போவேன். தோணி ஓரத்துல தகரத்தை மூணு தட்டு தட்டி, நாலு தலையைக் கரையில வைப்பேன். அவ்ளோதான். மீன் தலையெல்லாம் சாப்பாடுன்னு சொல்ல முடியுமா? நீ தின்னுவியா? கழிச்சுப் போடுறது அது.

ரெண்டு வாரத்துல தகரம் தட்டினா வந்துடும். பெறவு தட்டிட்டு நான் நூறு எண்ணுறதுக்குள்ள வந்து நிக்கும். அதுக்கப்பறம் எனக்குக் கம்பி எதுக்கு, திருப்புறது எதுக்கு? ஒரு நாளு தவறல. கலியபெருமாளு மூணு நாளைக்கு ஒருக்கா தன் பூனையைக் காணோம்னு நிப்பான். என் நோட்டுல தெனம் எடம், நேரம், என்ன பண்ணுச்சு எல்லாம் இருக்கும். டாக்டரம்மா மீட்டிங்குல எல்லாருக்கும் முன்னாடி எனக்குக் கை தட்டினாங்க. பெறவு படத்தை விரிச்சு, "மத்த பூனையெல்லாம் காடு பூரா சுத்துது, நாலாம் நம்பர் மட்டும் ஏன் ஒரே எடத்துல நிக்குது?"ன்னு கேட்டாங்க. "அதுக்கு அந்த எடம் புடிச்சுப்போச்சு மேடம்"ன்னேன். எழுதிக்கிட்டாங்க. ஆனா அந்தக் கேள்வியிலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு, என்னைச் சந்தேகப்படுறாங்கன்னு. இவ்ளோ உண்மையா ஒழைக்கிறவளையே சந்தேகப்பட்டா என்னா பண்றது சொல்லு?

அலையாத்தி முடியுற எடத்துல எறால் பண்ணை இருக்குது. தனகோடி அங்கதான் காவல். குட்டைக்கு நாரை வரும், நீர்க்காக்கா வரும், ஒரு நாளைக்குக் கூடை எறாலைத் தின்னுப்புடும். அதுக்குச் சுத்தி வலை கட்டியிருப்பாங்க. காவக்காரன் வரப்புல நடந்துக்கினே தகரத்தை அடிச்சுக்கினு இருக்கணும். எல்லாப் பண்ணையிலயும் அப்புடித்தான். தகரச் சத்தம் கேட்டா பறவை, கீரி, நாயி எல்லாம் ஓடிடும்.

ஆனி மாசம் ஒரு நாளு தனகோடி வூட்டுக்கு வந்தான். வாசல்லயே நின்னுக்கினு, "அண்ணி, ஒங்க பட்டை போட்ட பூனை ஒண்ணு பண்ணைக்கு வருது. தகரம் அடிச்சா எல்லாம் ஓடுது, அது மட்டும் கிட்ட வருது அண்ணி. வலைக்கு அந்தாண்ட குந்திக்கினு என்னையே பாக்குது. எனக்கு ஒரு மாதிரி இருக்கு. என்னா பண்ணட்டும்?"ன்னான்.

இவன் எதுக்கு இதை எங்கிட்ட வந்து சொல்றான்? அப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அன்னிக்கே சொன்னேனேன்னு சொல்ல இன்னிக்கே வழி போட்டுக்கினு போறான்னு நெனச்சேன். இல்ல, என் தகரம் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, ஆழம் பாக்க வந்திருக்கான். ரெண்டுல ஒண்ணு. நான் மூஞ்சியில ஒண்ணுமே காட்டிக்கல. "இன்னும் நல்லா சத்தமா அடி, ஓடிடும்"ன்னேன்.

வேற என்னா சொல்லச் சொல்ற? தகரம் அடிக்காதேன்னு சொன்னா ஏன்னு கேப்பான். ஏன்னு சொன்னா டாக்டரம்மா காதுக்குப் போவும். வேலை போயிடும். வேலை கூடப் போயிட்டுப் போவுது, அதை எங்கிட்டேருந்து பிரிச்சு வேற யாருகிட்டயாவது குடுத்துடுவாங்க. கலியபெருமாளுகிட்ட குடுத்தா? நெனச்சே பாக்க முடியல எனக்கு. "சரி அண்ணி"ன்னு போனான். அன்னிக்குச் சாயந்திரம் பண்ணைப் பக்கம் தகரம் அடிக்கிற சத்தம் எங்க வூடு வரைக்கும் கேட்டுச்சு. சொன்னதைக் கேக்குற புள்ளதான் அவன், அது வேற.

நாலு நாளு கழிச்சு நான் போயித் தட்டுறேன், காணோம். நூறு எண்ணுனேன், இருநூறு எண்ணுனேன், காணோம். எத்தினியோ நாளைக்கப்பறம் கம்பியை எடுத்துத் திருப்புனேன். பண்ணைப் பக்கம் திருப்புனப்போ கேட்டுச்சு. டிக்கிடிக்கிடிக்கி. தோணியை எப்புடி ஓட்டுனேன்னு தெரியல. குட்டைக் கரையில ஒரு எடத்துல மண்ணு புதுசா இருந்துச்சு. கையாலயே தோண்டுனேன்மா. மொதல்ல பட்டை வந்துச்சு. பெறவு காது வந்துச்சு.

நான் போட்ட கூச்சல்ல பண்ணை பூரா ஓடியாந்துச்சு. தனகோடி பேயடிச்ச மாதிரி நிக்கிறான். "அண்ணி, காலையில பாத்தேன், பறவை வலையில சிக்கிக்கினு தண்ணிக்குள்ள தலை மாட்டிச் செத்துக் கெடந்துச்சு. பட்டை போட்ட பூனையாச்சே, கேசு ஆயிடுமேன்னு பயந்து பொதைச்சேன். சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல"ன்னு கையைப் புடிச்சான். ஒதறிட்டேன். பண்ணாதவன் எதுக்குப் பொதைக்கிறான்? எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல? முன்னாடி ஒரு வாட்டி வந்து சொன்னவன்தானே?

ரேஞ்சரு வந்தாரு. அன்னிக்கே டாக்டரம்மா அதை அறுத்துப் பாத்தாங்க. வெளிய வந்து, "அஞ்சலாட்சி, வயித்துல ரெண்டு குட்டி இருந்துச்சு"ன்னு சொல்லிட்டுச் செவுத்தைப் பாத்துக்கினு நின்னாங்க. புதுசும் பழசும் கூடுன மொத குட்டிங்க. அதுக்காகத்தான் அவ்ளோ பாடு. நான் அங்கயே தரையில ஒக்காந்துட்டேன். நீ சின்னப் பொண்ணு, ஒனக்கு எப்புடிச் சொல்லுவேன்? அது வயிறு பெருத்திருந்ததை நான் பாத்தேன். நான் போட்ட தலையால பெருத்துச்சுன்னு சந்தோசப்பட்டுக்கினு இருந்தேன்.

ரேஞ்சரு கேட்டாரு, "அதுவா வந்து மாட்டிச்சுன்னு அவன் சொல்றான். நீ என்னம்மா சொல்ற?" நான் சொன்னேன்: "தகரம் தட்டி வரவழைச்சுக் கொன்னுட்டான் சார். அந்தப் பூனை தகரச் சத்தத்துக்கு வரும்."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"அவனே எங்கிட்ட வந்து சொன்னான் சார்."

பொய்யா அது? அவன் சொன்னானா இல்லையா? அவன் வாயால வந்த வார்த்தைதானே? எழுதிக்கிட்டாரு, நான் கையெழுத்துப் போட்டேன். பொதைச்சது சின்னக் கேசுதானாம். வரவழைச்சுக் கொன்னதுன்னு ஆயிட்டாத்தான் பெரிய கேசு, மூணு வருசத்துக்குக் கொறையாம உள்ள போடுவாங்களாம். இதெல்லாம் பெறவுதான் எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தாலும் அப்புடித்தான் சொல்லியிருப்பேன். என் மனசு அப்ப அப்புடி எரிஞ்சுது.

இப்ப விசயத்துக்கு வரேன். டாக்டரம்மா ரிப்போட்டுல ரெண்டு எழுதியிருக்காங்க. அடிபட்ட காயம் எதுவும் இல்ல, மூச்சு முட்டித்தான் செத்துச்சுன்னு ஒண்ணு. பண்ணை மொதலாளி டாக்டரம்மாவைச் சரிக்கட்டிட்டாருன்னு நெனக்கிறேன், யாரு கண்டா? இன்னொண்ணுதான் வெவகாரம். எரைப்பையில கவலை மீன் தலை இருந்துச்சாம், நாலு தலை. கவலைங்கறது மத்தி மாதிரி ஒரு கடல் மீனு. எங்க வாய்க்கால்ல அது வராது. அப்ப யாரோ தொடந்து போட்டிருக்காங்க. யாரு வூட்டுல கவலை மீனு கழுவுறாங்க? தனகோடி பொண்டாட்டிதான் கழுவுறா. தலையைக் காட்டி, தகரத்தைத் தட்டி, பழக்கி வரவழைச்சிருக்கான்னு அரசாங்க வக்கீலு அதை நேரா அவன் தலையில கட்டிட்டாரு. நானா கட்டுனேன்? நான் தலையைப் பத்தி வாயே தொறக்கல. ஒரு வார்த்தை சொல்லல.

ஆனா அவளுக்குத் தெரியுமில்ல! எட்டு மாசம் தெனம் காலையில அவ கையாலதானே வாங்கினேன். "என்னாக்கா, தெனமும் தலைக் கொழம்பா? மாமா ஒண்ணும் சொல்றதில்லையா?"ன்னு கேலி பண்ணுவா. எங்க வூட்டுக்காரருக்குத் தலை ஆவாதுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். அவ இன்னிக்குக் கூண்டுல ஏறி, "தலையெல்லாம் எங்கக்காதான் வாங்கிக்கினு போனா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். புருசன் தப்பிச்சுடுவான். நான் உள்ள போவணும். ஒம்பது மாசமா அதைத்தான் எதிர்பாத்துக்கினு இருக்கேன். ரேஞ்சருகிட்ட சொல்லல. போலீசுகிட்ட சொல்லல. ஊருக் கூட்டத்துல கூடச் சொல்லல. எங்க வூட்டுக்காரரு கேசு ஆனதுலேருந்து அவங்க வூட்டுலயேதான் சோறு தின்னுறாரு, அவருகிட்டயும் சொல்லலபோல. ஏன் சொல்லலைன்னு நெனக்கிற? கோர்ட்டுல எல்லாருக்கும் முன்னாடி வச்சு ஒடைக்கத்தான். நான் வளத்த புள்ள, எனக்கா தெரியாது? எடம் பாத்துத்தான் அடிப்பா.

ஏய், எந்திரிச்சிட்டா. இந்தப் பக்கம் வரா. நீ போனைப் பாத்துக்கினு இரு. எதுவும் பேசாத. வந்துட்டா.

...

போயிட்டா. அவ சீட்டுக்கே போயிட்டா.

கேட்டியா? கேட்டியாம்மா, என்னா சொன்னான்னு? மெதுவா குனிஞ்சு சொன்னா, ஒனக்குக் கேட்டிருக்காது. "அக்கா, மீன் தலைய யாருக்குக் குடுப்பேன்னு எங்க வக்கீலு நோண்டி நோண்டிக் கேட்டாரு. யாருக்கும் குடுக்கல, கோழிக்குப் போட்டுடுவேன்னு சொல்லிட்டேன். அங்கயும் அதைத்தான் சொல்லப் போறேன். என் வூட்டுக்காரருக்கும் அதுதான் சொல்லி வச்சிருக்கேன். நீ பயந்துக்கினு நிக்காத"ன்னா. அப்பறம், "காலையில ஏதாவது சாப்ட்டியா?"ன்னா. அவ்ளோதான். திரும்பிப் போயிட்டா.

இதுல ஏதோ இருக்குதும்மா. இல்லாம எப்புடி? ஒரு பொம்பளை, கட்டுன புருசன் மூணு வருசம் உள்ள போவப்போறான்னு தெரிஞ்சும் அப்புடிச் சொல்லுவாளா? அவனும் சரின்னு வாயை மூடிக்கினு இருப்பானா? வக்கீலு சொல்லிக்குடுத்திருப்பாரு. எப்புடின்னா, இவ இல்லைன்னு சொல்லுவா, அவரு வேற பக்கத்துலேருந்து... இல்ல, என்னை நம்ப வச்சு, என் வாயாலயே... நீ படிச்ச பொண்ணு, ஒனக்குப் புரியணுமே. இதுல அவளுக்கு என்னா லாபம், சொல்லேன். யோசிச்சுச் சொல்லு.

எனக்கு ஒண்ணும் புடிபடலையே. எப்புடிச் சுத்தி வந்தாலும் அவளுக்கு ஒரு லாபமும் இல்லையே. இருக்கணும்மா. ஏதாவது சூது இருந்தாகணும். அது இல்லைன்னு வையி, அப்ப நான் வளத்த அந்தப் புள்ளையை நான் என்னா பண்ணி வச்சிருக்கேன்?

நின்னுடுச்சா? இதுதான் கோர்ட்டு ஸ்டாப்பு. எறங்குறேன், எறங்குறேன், கண்டக்டர், விசில் அடிச்சுடாத. காலு மரத்துப்போயிருக்குது. கொஞ்சம் புடிச்சுக்கம்மா.

அதோ எறங்கிட்டா. போவலையே அவ. படிக்கட்டுக்குக் கீழயே நின்னுக்கினு கையை நீட்டுறா. எனக்குத்தான் நீட்டுறா. எதுக்கு நீட்டுறா?